தண்டுவடக் காயத்துக்குக் கஞ்சா மருந்தாகுமா?

தண்டுவடத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “மறுபடி நடக்க முடியுமா?” அடிபட்டவரிடம் கேட்டால் அவருடைய பட்டியல் வேறு மாதிரி இருக்கும். மூத்திரப்பை, மலச்சிக்கல், படுக்கைப்புண். இவற்றோடு ஓயாத வலி, சொன்ன பேச்சு கேட்காமல் இழுத்துக்கொள்ளும் கால்கள். தொட்டால் உணர்வே இல்லாத பாதம் நெருப்பில் வைத்ததுபோல் எரிகிறது என்று அவர் சொன்னால் வீட்டார் நம்பத் தயங்குவார்கள். நள்ளிரவில் முழங்கால் தானாக மடங்கி வெட்டி வெட்டி இழுக்கும்போது, அசைவு வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்களும் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு அறிக்கை, ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் முதல் 5 லட்சம் பேர்வரை புதிதாகத் தண்டுவடக் காயத்துக்கு ஆளாகிறார்கள் என்று கணக்கிட்டது. இவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நரம்பு வலி வருகிறது. ஸ்பாஸ்டிசிட்டி என்று மருத்துவர்கள் சொல்லும் தசை இறுக்கம் அதைவிடவும் அதிகம் பேருக்கு வருகிறது. வலிக்குக் கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின்; இறுக்கத்துக்குப் பேக்லோஃபென், டிசானிடின், டயசிபாம் என்று மாத்திரைகள் இருக்கின்றன. பலருக்கு இவை பாதி வேலையே செய்கின்றன. மீதிப் பாதிக்காக அளவைக் கூட்டினால் பகலெல்லாம் தூக்கமும் மந்தமும் பிடித்துக்கொள்கின்றன. கஞ்சா பற்றிய பேச்சு இந்த இடைவெளியில்தான் நுழைகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தண்டுவடக் காயத்துக்குக் கஞ்சா நல்லது என்பவர்களும் கூடாது என்பவர்களும் பெரும்பாலும் வேறு நோய்களில் கிடைத்த சான்றை வைத்தே பேசுகிறார்கள். காயம்பட்டவர்களிடமே முறையாக நடந்த சோதனைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவை தரும் விடையும் எதை, எப்படி அளந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

வலியும் இறுக்கமும்

தண்டுவடக் காயத்துக்குப் பிறகு வரும் வலி ஒரே வகை அல்ல. வீல்சேரைத் தள்ளித் தள்ளித் தோள்மூட்டில் வரும் வலி ஒன்று. வயிற்றுக்குள்ளிருந்து எழும் வலி இன்னொன்று. நரம்பே பழுதாகிக் காயத்தின் மட்டத்திலோ அதற்குக் கீழோ எரிச்சலாக, ஷாக் அடிப்பதாக, ஊசி குத்துவதாக வருவது மூன்றாவது. கஞ்சா தொடர்பான ஆய்வுகள் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையையே எடுத்துக்கொண்டன. தோள்வலிக்கு அந்த முடிவுகளைப் பொருத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

தசை இறுக்கத்தின் கதை வேறு. காயம்பட்ட புதிதில் கால்கள் துவண்டு கிடக்கும். வாரக்கணக்கில் அப்படி இருந்துவிட்டு மெல்ல விறைக்கத் தொடங்கும். மூளையிலிருந்து இறங்கிவந்து கீழேயுள்ள நரம்பணுக்களை அடக்கிவைத்த கட்டளைகள் நின்றுபோனதால், அங்கே நடக்கும் அனிச்சைச் செயல்கள் கட்டவிழ்ந்துவிடுகின்றன. போர்வை உரசினாலும் கால் உதறுகிறது. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது உடம்பே விறைத்து வழுக்குகிறது.

ஆனால் எல்லா இறுக்கமும் தொல்லை அல்ல. விறைத்த காலை ஊன்றி எழுந்து நிற்பவர்களும், அந்த விறைப்பை நம்பியே இடம் மாறுகிறவர்களும் இருக்கிறார்கள். இறுக்கத்தை முழுதாகத் தளர்த்தும் எந்த மருந்தும் அவர்களிடமிருந்து ஒரு கைத்தடியைப் பிடுங்குவதாகவே முடியும்.

பழைய மருந்து, பழைய சிக்கல்

கஞ்சா நவீன மருத்துவத்துக்குள் நுழைந்த வாசல் இந்தியாதான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அயர்லாந்துக்காரரான வில்லியம் புரூக் ஓ’ஷானஸி, இங்குள்ள மருத்துவர்களிடம் கேட்டறிந்து, விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு நோயாளிகளுக்கும் கொடுத்து, 1839இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ரண ஜன்னியில் உடம்பு வில்லாக வளையும் இழுப்பு தணிந்ததாக அவர் எழுதியது ஐரோப்பிய மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. அந்த நூற்றாண்டின் எஞ்சிய காலத்தில் லண்டன் மருந்துக்கடைகளில் கஞ்சா டிங்சர் விற்றது.

அது வழக்கொழிந்ததற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. ஒரு புட்டியின் வீரியம் அடுத்த புட்டியில் இருக்காது. ஒருவருக்கு ஒன்றும் செய்யாத அளவு இன்னொருவரை மயக்கத்தில் தள்ளும். ஆஸ்பிரினும் ஊசிவழி மார்ஃபினும் அளந்து கொடுக்கும் வசதியோடு வந்தபோது மருத்துவர்கள் அவற்றின் பக்கம் சாய்ந்தார்கள். 1937இல் அமெரிக்கா போட்ட வரிச் சட்டமும், 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும் மீதியைச் செய்து முடித்தன. அளவு நிச்சயமில்லாத சிக்கல் மட்டும் இன்றுவரை தீரவில்லை.

1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் கயோனியும் கஞ்சாவின் போதைப் பொருளான டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டும் சிபி1 ஏற்பி 1988இல் அடையாளம் காணப்பட்டது. நம் உடம்பே அந்த ஏற்பிக்கென்று ஒரு பொருளைச் சுரப்பது 1992இல் தெரியவந்தது. நரம்பணு அளவுமீறித் தூண்டப்படும்போது இந்தப் பொருள் எதிர்த்திசையில் போய், தூண்டிய நரம்பு முனையை ‘போதும்’ என்று அடக்குகிறது. இந்த ஏற்பிகள் மூளையில் மட்டுமின்றி, வலிச் செய்தி நுழையும் தண்டுவடப் பகுதியிலும் இருக்கின்றன. ஆகவே வலியும் இறுக்கமும் தணியக்கூடும் என்ற எதிர்பார்ப்புக்கு உடலியல் அடிப்படை உண்டு. 2000இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு, மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் என்ற நரம்பு நோயைப் போன்ற நிலைக்கு உள்ளாக்கிய எலிகளின் தசை இறுக்கம், டி.எச்.சி. வகைப் பொருள்களான கேனபினாய்டுகளால் தளர்வதைக் காட்டியது. எலியில் தளர்ந்தது மனிதருக்கும் தளருமா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

காயம்பட்டவர்களிடம் நடந்த சோதனைகள்

தொடக்கம் நோயாளிகளின் வாய்மொழிதான். 1982இல் அமெரிக்காவில் தண்டுவடக் காயம் உள்ள 43 பேரிடம் கேட்டபோது, கஞ்சா பயன்படுத்தியவர்கள் இழுப்பு குறைவதாகச் சொன்னார்கள். 1990இல் சுவிட்சர்லாந்தில் ஒரே ஒரு நோயாளியை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒருநாள் டி.எச்.சி. 5 மி.கி., ஒருநாள் கோடீன் 50 மி.கி., ஒருநாள் மருந்தே இல்லாத வெற்று மருந்து என்று, எது எப்போது என்பது தெரியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வலியை இரண்டு மருந்துமே குறைத்தன. இழுப்பைக் குறைத்தது டி.எச்.சி. மட்டுமே. ஒருவரிடம் கிடைத்த விடை ஆராயத் தூண்டும். மருந்துச்சீட்டு எழுதப் போதாது.

சுவிட்சர்லாந்திலிருந்தே 2007இல் வந்த ஆய்வில் 25 பேர் பங்கேற்றார்கள். டி.எச்.சி. வாய்வழியாகவும் ஆசனவாய் வழியாகவும் கொடுக்கப்பட்டது. இறுக்கம் குறைந்தது, ஆனால் அதற்கு நாளுக்குக் குறைந்தது 15 முதல் 20 மி.கி. தேவைப்பட்டது. அந்த அளவைத் தாங்க முடியாமல் சிலர் நடுவிலேயே விலகினார்கள். கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்து 2010இல் வெளியான சோதனை நபிலோன் என்ற செயற்கைக் கேனபினாய்டைப் பார்த்தது. சேர்ந்த 12 பேரில் 11 பேர் முடித்தார்கள். அதிகம் இறுகியிருந்த தசையில் தளர்வு தெளிவாகத் தெரிந்தது. சோதனை ஓடியது சில வாரங்களே.

அதே 2010இல் ஹூஸ்டனிலிருந்து வெளிவந்த வலிச் சோதனை எதிர்த் திசையைக் காட்டியது. அங்கே டி.எச்.சி. மாத்திரையான ட்ரோனபினாலுக்கு எதிராக வெறும் சர்க்கரை மாத்திரை வைக்கவில்லை. தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்தான டைஃபென்ஹைட்ரமினை வைத்தார்கள். இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. மயக்கம் தட்டினால் ‘நமக்கு அசல் மருந்து’ என்று நோயாளி ஊகித்துவிடுவார். இரண்டிலும் மயக்கம் தட்டினால் ஊகிக்க முடியாது. முடிவில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் சேர்ந்தவர்களே 7 பேர்தான், முடித்தவர்கள் 5.

இவற்றில் அதிகம் பேசப்படுவது கலிஃபோர்னியாவில் பார்த் வில்சியின் குழு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு. தண்டுவடக் காயமோ தண்டுவட நோயோ உள்ள 42 பேர் மூன்று தனித்தனி நாள்களில் ஆய்வகத்துக்கு வந்தார்கள். கஞ்சாவை எரிக்காமல் சூடாக்கி, எழும் ஆவியை ஒரு பையில் நிரப்பி, அதிலிருந்து குறித்த முறையில் உறிஞ்ச வைத்தார்கள். ஒரு நாள் டி.எச்.சி. 2.9 சதவீதம், ஒரு நாள் 6.7 சதவீதம், ஒரு நாள் டி.எச்.சி. நீக்கிய கஞ்சா. எட்டு மணி நேரம் வலியை அளந்துகொண்டே இருந்தார்கள். வலி 30 சதவீதம் குறைந்தவர்களைக் கணக்கெடுத்தபோது, வெற்று மருந்தைவிடக் கூடுதலாக ஒருவர் பயனடைய, குறைந்த அளவில் 4 பேருக்கும் கூடிய அளவில் 3 பேருக்கும் கொடுத்தால் போதும் என்று வந்தது. இது மெச்சத்தக்க எண். இரண்டு அளவுக்கும் பயனில் பெரிய வேறுபாடு இல்லை, தலைச்சுற்றலும் கிறக்கமும் கூடிய அளவில் அதிகம் என்பதால், குறைந்த அளவே மேல் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இந்த எண்ணைக் காட்டிக் கஞ்சாவைப் பரிந்துரைப்பவர்கள் எட்டு மணி நேரம் என்பதைச் சொல்வதில்லை. தண்டுவட வலி ஆண்டுக்கணக்கில் நீள்வது. ஒரு நாளின் பயன் ஆறாம் மாதத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஆய்வில் விடை இல்லை. ஒப்பீட்டுக்குச் சொன்னால், தண்டுவடக் காய வலிக்கென்று அமெரிக்க ஒப்புதல் பெற்ற பிரிகாபலினுக்கு 137 பேரிடமும் 220 பேரிடமும் வாரக்கணக்கில் சோதனைகள் நடந்திருக்கின்றன.

அண்மைய பெரிய முயற்சி டென்மார்க்கினுடையது, 2023இல் வெளியானது. டி.எச்.சி., கஞ்சாவில் உள்ள இன்னொரு பொருளான சி.பி.டி., இரண்டும் கலந்தது, வெற்று மருந்து என நான்கு பிரிவுகள். ஆறேழு வாரம் காப்ஸ்யூல். வலி, இறுக்கம் இரண்டிலும் எந்தப் பிரிவும் வெற்று மருந்தை மிஞ்சவில்லை. ஆனால் பகுப்பாய்வில் இடம்பெற்ற 134 பேரில் 119 பேர் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயாளிகள். தண்டுவடக் காயம்பட்டவர்கள் 15 பேர் மட்டுமே. ‘கஞ்சா பயனற்றது’ என்று இதைக் காட்டிச் சொல்வதும் அவசரம்தான்.

கடன் வாங்கிய சான்று

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸிலும் தசை இறுகும், நரம்பு வலி வரும். அங்கே ஆய்வுகள் பெரியவை. 2003இல் ‘லான்செட்’ இதழில் வந்த பிரிட்டிஷ் சோதனையில் 630 பேரின் முடிவுகள் அலசப்பட்டன. மருத்துவர் கையால் அளந்த இறுக்கத்தில் மாற்றமில்லை. ஆனால் இறுக்கம் குறைந்ததாக நோயாளிகள் சொன்னது கஞ்சா பிரிவுகளில் 60 சதவீதத்தை ஒட்டி. வெற்று மருந்துப் பிரிவில் 46 சதவீதம். 2010இல் பிரிட்டன் சாட்டிவெக்ஸ் என்ற வாய் ஸ்பிரேயை இந்த நோயின் இறுக்கத்துக்கு ஒப்புக்கொண்டது. ஒருமுறை அடித்தால் 2.7 மி.கி. டி.எச்.சி.யும் 2.5 மி.கி. சி.பி.டி.யும் உள்ளே போகும். அதற்குப் பலம் சேர்த்த ஒரு சோதனையில் முதலில் 572 பேருக்கு நான்கு வாரம் அசல் மருந்தைக் கொடுத்தார்கள். பயன் தெரிந்தவர்களிலிருந்து மட்டும் 241 பேரை எடுத்து அடுத்த கட்டம் நடத்தினார்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் கட்டத்திலேயே கழிந்துவிட்டார்கள்.

மல்டிபிள் ஸ்கிலிரோசிஸில் கோளாறு மூளையிலும் தண்டுவடத்திலும் சிதறிக் கிடக்கிறது; ஏறி இறங்குகிறது. விபத்துக் காயத்தில் ஒரே இடத்தில் பாதை அறுந்து நிற்கிறது. ஒன்றில் வேலை செய்யும் மருந்து மற்றதிலும் செய்யலாம், செய்யாமலும் போகலாம். அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாடமிகள் 2017இல் வெளியிட்ட பெரிய மதிப்பாய்வு இந்த வேறுபாட்டை மதித்தது. மல்டிபிள் ஸ்கிலிரோசிஸில் நோயாளி உணரும் இறுக்கம் குறைவதற்குப் போதிய சான்று உண்டு என்றது. தண்டுவடக் காயத்தால் செயலிழந்தவர்களின் இறுக்கத்துக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லச் சான்று போதாது என்றது.

நரம்பு வலி முழுவதையும் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு 16 ஆய்வுகளை, 1,750 பேரைத் தொகுத்தது. வலி பாதியாகக் குறைந்தவர்கள் கஞ்சா மருந்தில் 21 சதவீதம், வெற்று மருந்தில் 17. பக்கவிளைவால் விலகியவர்கள் 10 சதவீதமும் 5 சதவீதமும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2019இல் நாள்பட்ட வலிக்கு டி.எச்.சி. மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்றது. 2021இல் பி.எம்.ஜே. இதழின் நிபுணர் குழுவோ, வழக்கமான சிகிச்சை போதாதவர்களுக்குப் புகையாக அல்லாமல் கொடுத்துப் பார்க்கலாம் என்று தயக்கத்தோடு பரிந்துரைத்தது. சான்று இரு தரப்புக்கும் ஒன்றுதான்; சிறு பயனுக்கு எவ்வளவு தொல்லையை ஏற்கலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

எதைக் கொண்டு அளப்பது?

மருத்துவர் அளந்ததில் மாற்றமில்லை, நோயாளி சொன்னதில் மாற்றம் உண்டு என்ற அந்த முரண் பல ஆய்வுகளில் தலைகாட்டுகிறது. இறுக்கத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஆஷ்வொர்த் அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். நோயாளியைப் படுக்கவைத்து, பிசியோதெரபிஸ்ட் குதிகாலையும் தொடையையும் பிடித்து முழங்காலைச் சட்டென மடக்கி நீட்டுகிறார். கைக்குத் தெரியும் எதிர்ப்புக்குப் பூஜ்யம் முதல் நான்குவரை மதிப்பெண் போடுகிறார். வேலை சில விநாடிகளில் முடிந்துவிடும். நேற்றிரவு இரண்டு மணிக்கு இழுப்பு எத்தனை முறை எழுப்பியது, காலையில் கதீட்டர் மாற்றும்போது தொடைகள் ஒட்டிக்கொண்டனவா என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் இல்லை.

அதற்காக நோயாளியின் சொல்லை மட்டும் வைத்து முடிவுகட்டவும் முடியாது. கஞ்சா சாப்பிட்டவருக்குத் தலை லேசாகக் கிறுகிறுக்கும். தமக்கு எது கிடைத்தது என்று அவர் கண்டுபிடித்துவிடுவார். எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்ளும். 2022இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, கஞ்சா வலிச் சோதனைகள் 20ஐ எடுத்துக்கொண்டு, வெற்று மருந்தாலேயே வலி கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது. முடிவு எப்படி இருந்தாலும் செய்தி ஊடகங்கள் இந்தச் சோதனைகளைச் சாதகமாகவே எழுதியதையும் அது சுட்டியது.

இந்த உடம்புக்கே உரிய ஆபத்துகள்

கழுத்தில் அடிபட்டவருக்கு இரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்தே இருக்கும். நிமிர்த்தி உட்காரவைத்தால் கண் இருட்டும். டி.எச்.சி.யும் எழும்போது அழுத்தத்தைக் குறைக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும். மூச்சுத் தசைகள் தளர்ந்து, இருமிச் சளி துப்பவே சிரமப்படுபவர் புகை பிடிப்பது நிமோனியாவைக் கூப்பிட்டு உட்காரவைப்பது. பேக்லோஃபென், பிரிகாபலின், டயசிபாம் என்று ஏற்கெனவே மந்தப்படுத்தும் மருந்துகளோடு இன்னொன்று சேர்ந்தால், கட்டிலிலிருந்து மாறும் நேரத்தில் விழுவார். சி.பி.டி. போதை தராது என்பது சரி. ஆனால் கல்லீரலில் சில மருந்துகள் சிதையும் வேகத்தை அது குறைக்கும். விபத்தில் தலையிலும் அடிபட்டவர்கள் இவர்களிடையே அதிகம். நினைவும் கவனமும் தடுமாறுகிறவருக்கு டி.எச்.சி. அதைக் கூட்டும். மனச்சிதைவு குடும்பத்தில் இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நேற்றுவரை அடங்கியிருந்த இழுப்பு இன்று திடீரென்று கூடினால் அது பெரும்பாலும் செய்திதான்: யூரின் இன்ஃபெக்‌ஷன், மலம் இறுகியது, படுக்கைப்புண், உள்ளே வளைந்து வளர்ந்த கால்நகம். உணர்வில்லாத உடம்பு வலியைச் சொல்ல முடியாமல் இழுப்பால் சொல்கிறது. காரணத்தைத் தேடாமல் இழுப்பை மட்டும் அடக்கினால் புண் எலும்புவரை போன பிறகுதான் தெரியவரும்.

இந்தியச் சட்டமும் இணையக் கடையும்

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாச் செடியின் பூக்கும் நுனியையும் பிசினையும் தடைசெய்கிறது. நுனியோடு சேராத இலையையும் விதையையும் விட்டுவைக்கிறது. மருத்துவ, அறிவியல் தேவைக்கு அரசு அனுமதிக்கலாம் என்ற வழியும் அதே சட்டத்தில் இருக்கிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து 27க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது இந்தியா நீக்குவதற்கே வாக்களித்தது.

அந்த இலை விலக்கின் வழியே, ஆயுர்வேத உரிமத்தின்கீழ் ‘விஜயா’ இலைச் சாறு எண்ணெய்கள் இணையத்தில் விற்கின்றன. தண்டுவடம் அடிபட்டவரின் குடும்பம் வாங்கும் புட்டி பெரும்பாலும் இதுதான். அந்த எண்ணெய்களைத் தண்டுவடக் காயத்துக்குப் பரிந்துரைக்க, மேலே பார்த்த சோதனைகளில் எதையும் ஆதாரமாகக் காட்ட முடியாது. அவை வேறு தயாரிப்புகளில், வேறு அளவுகளில் நடந்தவை. லேபிளை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியிட்டபோது, சொன்ன அளவு உள்ளே இருந்தது 31 சதவீதத்தில்தான். 18 பொருள்களில் டி.எச்.சி.யும் இருந்தது. ஓ’ஷானஸி காலத்துப் புட்டிச் சிக்கல் அப்படியே தொடர்கிறது.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

காரணங்களைத் தேடித் தீர்த்து, பிசியோதெரபியும் வழக்கமான மருந்துகளும் சரியான அளவில் கொடுத்து, போட்டாக்ஸ் ஊசி, பேக்லோஃபென் பம்ப் போன்றவற்றையும் யோசித்த பிறகே கஞ்சா மருந்தின் முறை வர வேண்டும். சட்டம் இடம்தரும் நாட்டில் மருத்துவர் அதைத் தொடங்கும்போது, அளவு தெரிந்த தயாரிப்பாக, புகையல்லாத வடிவில், சொற்ப அளவிலிருந்து ஏற்ற வேண்டும். தொடங்கும் முன்பே ஓர் இலக்கைக் குறித்துக்கொள்ள வேண்டும்: இரவில் எழுவது குறையுமா, இடம் மாறுவது சுலபமாகுமா. நான்கு வாரத்தில் அந்த இலக்கு நகரவில்லையென்றால் நிறுத்திவிட வேண்டும். சாட்டிவெக்ஸுக்கு மல்டிபிள் ஸ்கிலிரோசிஸில் பிரிட்டன் வைத்திருக்கும் ஒழுங்கும் இதுதான்.

நீண்டகால விடைக்கு, காயம்பட்டவர்களை மட்டுமே சேர்த்து, பல மருத்துவமனைகளில், மாதக்கணக்கில் நடக்கும் சோதனை வேண்டும். மயக்கம் தரும் வெற்று மருந்தை எதிரே வைத்து, ஆஷ்வொர்த் மதிப்பெண்ணோடு தூக்கத்தையும் இடமாற்றத்தையும் அளக்க வேண்டும். சாலை விபத்திலும் உயரத்திலிருந்து விழுந்தும் தண்டுவடம் அடிபட்டவர்கள் இத்தனை பேர் இருக்கும் இந்தியாவில் அதை நடத்த நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. சட்டத்திலும் வழி இருக்கிறது. பிரிகாபலினிடம் கேட்ட சான்றையே கஞ்சாவிடமும் கேட்பது தடை அல்ல, மருந்துக்குத் தரும் மரியாதை. அதுவரை, அற்புதம் என்று விற்பவரிடமும் வெறும் போதை என்று ஒதுக்குபவரிடமும் காயம்பட்டவர் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: என்னைப் போன்ற எத்தனை பேரிடம், எந்த அளவில் கொடுத்து, எதை அளந்து பார்த்துச் சொல்கிறீர்கள்?